பொழுது சாயும்வரை கெடு

அத்தியாயம் 17

காத்தாடிப் பாறைக்கு ஏறும் பாதையில் மூன்று வளைவுகள். மூன்றாவது வளைவில் ஷீபா முதல் கியருக்கு வந்தாள். பின்கண்ணாடியில் அக்கா ஷர்லியின் வெள்ளைக் கார் தெரிந்தது. ஓட்டுவது ஷர்லி. பக்கத்து இருக்கையில், பூசைக்கு வந்தவரைப் போல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார் அவள் புருஷன் ஜஸ்டின்.

"நல்லா நிமிந்து உக்காருங்க மச்சான். பொழுது சாயுறதுக்குள்ள குனிய வைக்கிறேன்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள் ஷீபா.

காரில் அவளைத் தவிர யாருமில்லை. பின்னிருக்கை முழுக்கச் சமையல் அண்டாவும் போர்வை மூட்டைகளும்தான்.

செவ்வாய்க்கிழமை கோட்டைப்பட்டினத்தில் பெலிக்ஸ் கொடுத்த கடிதம் அவளுடைய கைப்பையில் இருந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், ஷீபாவுக்கும் பெலிக்ஸுக்கும் நடக்கவிருந்த கல்யாணத்தைப் பத்து நாள் இருக்கையில் நிறுத்திய மொட்டைக் கடிதம். போன மாதம் செத்துப்போன தன் அம்மாவின் தகரப் பெட்டியை ஒழித்தபோது கிடைத்தது என்றான் பெலிக்ஸ்.

'உங்கள் வீட்டுக்கு வரப்போகிற மருமகள் வலிப்பு நோய்க்காரி. ரோட்டிலும் விழுவாள், கோயிலிலும் விழுவாள். மறைப்பது பாவம் என்பதால் எழுதுகிறேன். இப்படிக்கு, நலம் விரும்பி.'

ஷீபாவுக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லை.

எழுத்து கோணல்மாணலாக இருந்தது. இடது கையால் எழுதியிருக்க வேண்டும். ஆனால் 'பாவம்' என்ற சொல்லுக்குக் கீழே இரட்டைக் கோடு. கோட்டின் முனையில் ஒரு புள்ளி. அரிமளத்தில் யாருக்கு மனு எழுதிக் கொடுத்தாலும் முக்கியமான சொல்லுக்குக் கீழே அப்படிக் கோடு இழுத்துப் புள்ளி வைக்கிறவர் ஒருவர்தான். பங்குப் பேரவைச் செயலாளர், ஊருக்கெல்லாம் நல்லவர், ஜஸ்டின்.

கல்யாணம் நின்றதோடு போகவில்லை. கடிதத்தில் இருந்த அந்த ஒரு சொல் ஷீபாவின் ஊரான மணமேல்குடி முழுக்க நடந்தது. ஷீபா கடைத்தெருவுக்குப் போனால் கையில் இரும்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு பேசியவர்கள் உண்டு. அவள் விழுந்தால் கையில் திணிக்கவாம். அடுத்து வந்த இரண்டு வரன்களும் வாசலோடு திரும்பின. அந்த வருடமே அவள் டாக்டர் சான்றிதழ் வாங்கி, கார் ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்தாள். வலிப்புக்காரிக்கு எவன் லைசென்ஸ் கொடுப்பான்? ஊருக்குப் பதில் சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. லைசென்ஸ் போதாதென்று பிறகு டிரைவிங் ஸ்கூலே ஆரம்பித்தாள். இப்போது நாற்பத்தொரு வயது. நானூறு பெண்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாயிற்று. ஷர்லியும் அதில் ஒருத்தி.

பாதை முடிந்து பாறைச் சமதளம் வந்தது. ஒரு காலத்தில் கல் உடைத்த மலை அது. குவாரியை மூடியபின் லாரிப் பாதைக்குத் தார் போட்டு, மேலே எட்டுக் கூடாரங்கள் அடித்துவிட்டிருந்தார்கள். கூடாரத்து வாசல்வரைக்கும் கார் போகும். இன்று மற்ற கூடாரங்களுக்கு ஆளில்லை. உசிலை மரத்தில் காற்று உரசுவதைத் தவிரச் சத்தமும் இல்லை.

காவலாளி திருப்பதி ஓடிவந்து கார்களை ஒதுக்கினார். "இங்கிட்டுப் போடுங்கம்மா, நெழலா இருக்கும். அந்தக் கல்லு வட்டத்துலதான் தீ மூட்டணும். கொரங்கு வரும், சாப்பாட்டை வெளிய வைக்காதீங்க."

மூன்றாவதாக வந்த காரிலிருந்து ஞானமணி இறங்கினார். அறுபது வயது, ஓய்வு பெற்ற நர்ஸ். அவரேதான் ஓட்டிவந்தார். மகன் அருள்பிரகாஷ் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். ஷர்லியின் ஒரே மகள் அன்புமொழிக்கு நிச்சயித்திருக்கும் மாப்பிள்ளை.

"அம்மாவை ஓட்ட விட்டுட்டு நீங்க வேடிக்கை பாத்துட்டு வர்றீங்களாக்கும்?" என்றாள் ஷீபா. "ஒரு மாசம் நம்ம ஸ்கூலுக்கு வாங்க தம்பி."

அவன் முகம் சிவந்தது. "வேணாங்க சித்தி. எனக்கு அது சரிப்படாது."

அடுத்த ஞாயிறு அரிமளம் கோயிலில் இவர்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்கப்போகிறார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சாமியார் அறிவிப்பார். அதற்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒருநாள் சேர்ந்திருக்க வேண்டும், மண்டபத்திலோ ஓட்டலிலோ இல்லாமல் வெட்டவெளியில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து இந்த மலையைத் தேர்ந்தெடுத்தவள் அன்புமொழி.

ஷீபா போட்டிருந்த திட்டம் சுருக்கமானது. கடிதத்தை ஞானமணியின் கையில் கொடுப்பது. 'உங்க சம்பந்தி எழுதினது, பாருங்க.' அவ்வளவுதான். நிச்சயமானபின் கல்யாணம் நிற்பது எப்படி இருக்கும் என்று ஜஸ்டின் வீடும் தெரிந்துகொள்ளட்டும். நான்கு நாள் இந்த நினைப்போடுதான் அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஷர்லியின் காரிலிருந்து இறங்கிய அன்புமொழி ஓடிவந்து ஷீபாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "சித்தி, எம் பக்கத்து டென்ட் ஒங்களுக்கு!" இருபத்து நான்கு வயதிலும் அதே கட்டிக்கொள்ளல். திட்டத்தில் ஓட்டை விழுந்தது அங்கேதான்.

ஆனால் பழி ஆறவில்லை. வழியை மாற்றினால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

* * *

கூடாரங்களுக்குப் பின்னால் பாறை இறக்கத்தில் ஒரு சுனை. ஜஸ்டின் அங்கே குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான்."

"வா ஷீபா. என்னா காத்து பாரு! ஆண்டவர் படைப்பு…"

"இந்த எழுத்து யாருதுன்னு பாத்துச் சொல்லுங்க." செல்போனை நீட்டினாள். கடிதத்தின் படம். அசலை அவர் கைக்கெட்டும் தூரத்தில் காட்ட அவள் என்ன பைத்தியமா?

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படித்தார். முகத்தில் சொட்டிய தண்ணீரைத் துடைக்கவில்லை.

"எவனோ பாவி எழுதியிருக்கான்."

"பாவிதான். கோட்டுக்குக் கடைசியில புள்ளி வைக்கிற பாவி."

கீழே வயல்வெளியில் யாரோ டிராக்டர் ஓட்டும் சத்தம் மெல்லக் கேட்டது. ஜஸ்டின் பாறையில் உட்கார்ந்தார். "பன்னெண்டு வருஷம் ஆயிருச்சு ஷீபா" என்றார்.

மறுப்பார், சத்தியம் செய்வார், சண்டைக்கு வருவார் என்று எல்லாவற்றுக்கும் அவள் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். இப்படிச் சட்டென்று ஒப்புக்கொண்டது இன்னும் எரிச்சலூட்டியது.

"ஏன்?"

"அப்ப ஒங்கம்மாவுக்கு வாதம் வந்து ஆறு மாசம். எந்திரிக்க முடியாம கெடந்தாங்க. நீ கட்டிக்கிட்டுப் போயிட்டா ஷர்லிதான பாக்கணும்? அன்புமொழிக்குப் பன்னெண்டு வயசு. வீடோ சின்ன வீடு. வர்றவன் போறவன் எல்லாம் இருக்குற எடத்துல, அந்த நாத்தம்…" வாய் தவறியது தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

ஷீபாவின் அம்மா இன்னாசியம்மாள் பதினோரு வருடம் படுக்கையில் கிடந்து போன வருடம்தான் போய்ச்சேர்ந்தார். அந்தப் பதினோரு வருடமும் காலையில் எழுந்ததும் அம்மாவைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிய பிறகுதான் ஷீபா கார்ச் சாவியைத் தொடுவாள்.

"எங்கம்மா ஒங்களுக்கு நாத்தமாப் போச்சா?"

"நான் அப்படிச் சொல்லல."

"பெலிக்ஸ்கிட்ட நான் மொதல்லயே சொல்லியிருந்தேன் மச்சான். எங்கம்மாவையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்னு. அவரும் சரின்னுட்டாரு. கட்டில் போட ரூமே ஒழிச்சு வச்சிருந்தாரு. நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். ஒரு வார்த்தை!"

ஜஸ்டின் தலை நிமிர்ந்தார். அது அவருக்குத் தெரியாது. தான் செய்தது தேவையே இல்லாத அநியாயம் என்பது அந்த நிமிடம்தான் அவருக்குள் இறங்கியது. அந்த முகத்தைப் பார்க்க ஷீபாவுக்குத் திருப்தியாக இருந்தது. வெட்கமில்லாத திருப்தி.

"சாயந்தரம் தீ மூட்டுறதுக்கு முன்னாடி, எல்லாரும் உக்காந்திருக்கையில, நீங்களே எந்திரிச்சுச் சொல்லணும். என்ன எழுதுனீங்க, ஏன் எழுதுனீங்க, ரெண்டையும். பொழுது சாயுறவரைக்கும் ஒங்களுக்குக் கெடு."

"சொல்லலைன்னா?"

"நான் சொல்லுவேன். கடுதாசியைச் சம்பந்தியம்மா கையில குடுத்துட்டுத்தான் வாயைத் தொறப்பேன்."

"எம் மக வாழ்க்கை, ஷீபா!"

"நானும் ஒரு வீட்டுக்கு மகதான்" என்று சொல்லிவிட்டு அவள் மேலே ஏறினாள்.

* * *

மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஜஸ்டினுக்கு நெஞ்சு வலித்தது.

"ஷர்லி, லேசா அடைக்கிற மாதிரி இருக்கு. வண்டியை எடு. வீட்டுக்குப் போயிருவோம்."

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூன்று முறை பழகப் போய், மூன்று முறையும் பயந்து விட்டுவிட்டவர். ஷர்லி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"அடுப்புல கறி வேகுது" என்றாள்.

ஞானமணி கைகழுவிக்கொண்டு வந்தார். "கையைக் குடுங்க சம்பந்தி." மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். இடது தோளில் வலி உண்டா, வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது.

"துடிப்பு ஜம்முனு இருக்கு. வாயுவாத்தான் இருக்கும். இஞ்சித் தண்ணி போட்டுத் தாரேன். சித்த நேரம் நிழல்ல படுங்க. வேற மாதிரித் தெரிஞ்சா நானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போறேன்."

ஷீபா சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்டாவைக் கிளறினாள். ஜஸ்டின் கூடாரத்துக்குள் போய்ப் படுத்தார். துணிக்கூரைக்கு வெளியே அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பாதங்கள் மாலைவரை அசையவில்லை.

ஷர்லி நறுக்கிய வெங்காயத்தைத் தட்டோடு தங்கையிடம் நீட்டினாள். கண்கள் சிவந்திருந்தன. வெங்காயமாக இருக்கலாம்.

"அவரை என்ன சொன்னே ஷீபா?"

"ஒண்ணுஞ் சொல்லலையே."

"காலையில சொனைக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து அவரு ஒரு மாதிரியா இருக்காரு."

"சாயந்தரம் அவரே சொல்லுவாரு. கேட்டுக்க."

ஷர்லி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா என்று ஷீபாவுக்குப் பிறகுதான் தோன்றியது. பாவம் அக்கா, இந்த மனுஷனோடு இருபத்தைந்து வருடம் காலம் தள்ளியவள், அவளுக்கு என்ன தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

* * *

நாலு மணிக்கு அன்புமொழி ஷீபாவைப் பாறை விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். கீழே கண்மாய்களும் பனைகளும் பொட்டலும் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் கிடந்தன. ஒரு பஸ் எறும்பு மாதிரி ஊர்ந்தது.

"சித்தி, சாயந்தரம் எல்லாரும் உக்காரும்போது நான் ஒண்ணு சொல்லப்போறேன். நீங்க எம் பக்கத்துல இருக்கணும்."

"என்னடி அது?"

"அப்பச் சொல்றேன். நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

இந்தப் பிள்ளைக்குச் சடங்கான அன்று கூடவே இருந்தவள் அவள். பரீட்சைக்குக் கூட்டிப்போய் வெயிலில் காத்திருந்தவளும் அவள்தான். கைப்பை தோளில் கனத்தது.

"அன்பு, ஒன் கல்யாணத்தைக் கெடுக்கணும்னு யாராச்சும் ஒரு பொய்யைச் சொன்னா என்ன செய்வே?"

அன்புமொழி யோசிக்கவே இல்லை. "பொய்னா எனக்குப் பயமில்ல சித்தி. உண்மையை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் அருள்பிரகாஷ் கூப்பிட்டான். அவள் ஓடிவிட்டாள்.

ஷீபா தனியாக நின்றாள். கடிதத்தைக் கிழித்து இந்தக் காற்றில் விட்டுவிட்டால் என்ன? ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம்தான் அப்படித் தோன்றியது. இரும்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு பேசிய கைகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

* * *

சூரியன் பனைகளின் தலைக்கு இறங்கியபோது கல் வட்டத்தைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தார்கள். திருப்பதி விறகை அடுக்கிவிட்டுத் தன் குடிசைப் பக்கம் போனார்.

"தீப்பெட்டி எங்க?" என்று அருள்பிரகாஷ் தேடினான்.

"கொஞ்சம் இருங்க தம்பி" என்றாள் ஷீபா. "மச்சான் ஏதோ பேசணும்னாரு."

எல்லோரும் ஜஸ்டினைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். கோயிலில் வாசகம் படிக்கப் போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமினார்.

"மனுஷன்னா தப்பு செய்யுறது சகஜம். நம்ம ரெண்டு குடும்பமும் ஒண்ணாகப் போற நேரத்துல, பழசை எல்லாம் மறந்து…"

"எந்தப் பழசு?" என்றாள் ஷீபா.

"ஷீபா கல்யாணம் நின்னு போனதுல எனக்கும் ஒரு பங்கு இருக்கு. ஒரு கடுதாசி… நான் ஒரு கடுதாசி எழுதினேன்."

"அப்பா?" அன்புமொழி பாதி எழுந்தாள்.

"என்ன எழுதுனீங்க? அந்த வார்த்தையைச் சொல்லுங்க மச்சான். சும்மா கடுதாசின்னா யாருக்குப் புரியும்?"

ஜஸ்டின் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "வலிப்பு… ஷீபாவுக்கு வலிப்பு நோய் இருக்குன்னு எழுதினேன். இல்லாததை எழுதினேன். அத்தையைப் பாத்துக்க ஆள் வேணும்னு."

சொல்லி முடித்துவிட்டார். பன்னிரண்டு வருடத்து நெருப்பு இப்போது அணையும் என்று ஷீபா காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் யாரும் அவள் பக்கம்கூடத் திரும்பவில்லை. அன்புமொழி அருள்பிரகாஷைப் பார்த்தாள். அவன் தன் அம்மாவைப் பார்த்தான். ஞானமணியின் முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணு கேக்குறேன் சம்பந்தி" என்றார் ஞானமணி. குரல் தாழ்ந்து, நிதானமாக வந்தது. "எத்தனையோ நோவு இருக்கு. ஏன் அதை எழுதுனீங்க?"

ஜஸ்டின் தலையைக் குனிந்தபடி, "கல்யாணத்தை நிறுத்த அதைவிடப் பெரிய வார்த்தை எனக்குக் கெடைக்கல" என்றார்.

"அந்த வார்த்தைக்குத்தான் நான் பதினாறு வருஷமா மாத்திரை எடுத்துக் குடுக்குறேன்."

ஞானமணி கையை நீட்டி மகனின் தோளைத் தொட்டார்.

"எம் மகனுக்குப் பதினொரு வயசுல வந்தது. நாலு வருஷமா ஒரு தடவைகூட வரல. மாத்திரை விடாமச் சாப்பிடுறான். வண்டி ஓட்ட மாட்டான், தண்ணியில எறங்க மாட்டான். மத்தபடி ஒங்களையும் என்னையும் மாதிரிதான். அதை ஒங்ககிட்ட வெளிப்படையாச் சொல்லிட்டுத்தான் ஓலை வாசிக்கணும்னு இந்த மலைக்கு வந்தோம்."

ஜஸ்டினின் தலை நிமிர்ந்தது. காலையிலிருந்து குனிந்திருந்த மனுஷன் ஒரு நொடியில் பழைய பங்குப் பேரவைச் செயலாளர் ஆனார். "அப்ப மறைச்சிருக்கீங்க! நிச்சயம்வரைக்கும் வந்து…"

"யாரும் மறைக்கல." அன்புமொழி எழுந்து நின்றாள். "எனக்கு ஒரு வருஷமாத் தெரியும். பேச ஆரம்பிச்ச மொத வாரமே அவரு சொல்லிட்டாரு. ஒங்ககிட்ட நாந்தான் சொல்றேன்னு தள்ளிப் போட்டேன். ஏன் தெரியுமா? அந்தப் பேச்சு சித்தியை என்ன செஞ்சதுன்னு பாத்து வளந்தவ நான். அதைச் செஞ்சது நீங்கதான்னு மட்டுந்தான் எனக்குத் தெரியாது."

"இந்தக் கல்யாணம் நடக்காது."

"நடக்கும்" என்றாள் ஷீபா.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜஸ்டினுக்கு எதிரே வந்தாள். இப்போதுதான் அவளுக்கு வழி துலங்கியது. கல்யாணத்தை நிறுத்துவதா பழி? நடத்துவதல்லவா பழி!

"நடக்கும் மச்சான். நீங்கதான் நடத்தி வைப்பீங்க. பத்திரிகைக் கவர் எல்லாம் ஒங்க கையெழுத்துலதான் போகும். வாசல்ல நின்னு நீங்கதான் வாங்க வாங்கன்னு கூப்பிடுவீங்க. ஊர்ல எவளாச்சும் வந்து, மாப்பிள்ளைக்கு வலிப்பாமே, அப்படியான்னு கேட்டா, ஆமா, எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் குடுக்குறேன்னு ஒங்க வாயால சொல்லணும். ஒவ்வொருத்தர்கிட்டயும். அதுல ஒரு தடவை தலை குனிஞ்சீங்கன்னு தெரிஞ்சாலும், இந்தக் கடுதாசி அரிமளம் கோயில் கதவுல தொங்கும்."

ஷீபாவின் உடம்பு முழுக்கச் சூடு பரவியது. இதுதான், இதற்குத்தான் இவ்வளவு நாள்.

"சித்தி."

அருள்பிரகாஷ் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினான். சத்தம் போடவில்லை.

"ஒங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம். அவரை என்ன வேணா செய்யுங்க. ஆனா எம் பேரை, எம் நோவை, அவருக்குத் தண்டனையாக் குடுக்காதீங்க. எம் கல்யாண வாசல்ல நிக்கிறவரு அதை அசிங்கமா நெனச்சுக்கிட்டு நிக்க வேணாம்."

அவன் சொன்னது சரி. சரியென்று தெரிந்தும் கோபம் அடங்க மறுத்தது. ஜஸ்டினை அடிக்க அவள் கையில் எடுத்த கல், எடுக்கும்போதே இந்தப் பிள்ளையின் மேல் உரசிவிட்டதே! "மன்னிச்சுக்கங்க தம்பி" என்றாள். அதை மட்டும் அவனுக்குச் சொன்னாள். ஜஸ்டின் பக்கம் திரும்பியபோது முகம் பழையபடி இறுகியது.

"ஊருக்குப் போனதும் பெலிக்ஸ் வீட்டுக்கு நீங்க வரணும். அவருகிட்டயும் இதே மாதிரி சொல்லணும். அதுல மாத்தம் இல்ல."

ஜஸ்டின் அவளைப் பார்க்கவில்லை. மனைவியைத் தேடினார்.

"ஷர்லி, வண்டியை எடு. எம் மகளைக் கூட்டிக்கிட்டு எறங்குவோம். இங்க ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்."

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ஷர்லி எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கூடாரத்துக்குள் போய்க் கார்ச் சாவியோடு வந்தாள். ஜஸ்டின் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு முன்கதவுப் பக்கம் நடந்தார். கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை.

உள்ளே உட்கார்ந்து கதவுகளைப் பூட்டிக்கொண்டு ஷர்லி இன்ஜினை இயக்கினாள்.

"ஏய், கதவைத் தொற!"

கார் பின்னால் வந்து, அழகாகத் திரும்பி, பாதையின் வாயில் போய் நின்றது. ஷீபா ஓடினாள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"அக்கா, எங்கிட்டுப் போறே?"

"கோட்டைப்பட்டினம். பெலிக்ஸ் வீட்டுக்கு."

"அங்க ஒனக்கு என்ன வேலை? மச்சான்தான வரணும்?"

ஷர்லி முன்னால் இருந்த பாதையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்தக் கடுதாசி தபால்ல போகல ஷீபா. ஒரு ஆளுதான் கொண்டுபோய்ப் பெலிக்ஸோட அம்மா கையில குடுத்தது. அந்த ஆளு நான்."

ஷீபா கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்குன்னு தெரியாமக் குடுத்தியா? தெரியாமத்தான குடுத்தே? சொல்லுக்கா!"

"கையை எடு. கண்ணாடியை ஏத்தணும்."

"தெரிஞ்சு குடுத்தியா?"

"மொதல்ல பெலிக்ஸ்கிட்டச் சொல்றேன். ஒங்கிட்டச் சொல்ற தைரியம் அதுக்கப்புறம்தான் எனக்கு வரும்."

கண்ணாடி ஏறியது. ஷீபா கையை எடுத்துக்கொண்டாள். அவள் கற்றுக்கொடுத்தபடியே, இறக்கத்தில் முதல் கியரில், பதறாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு அந்த வெள்ளைக் கார் முதல் வளைவில் இறங்கி மறைந்தது.

பின்னால் யார் யாரோ கூப்பிட்டார்கள். அன்புமொழியின் குரல், ஜஸ்டினின் குரல். ஷீபாவுக்குத் திரும்பத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருடமாக அவள் அழுத தோள் ஷர்லியுடையது. 'எந்தப் படுபாவி எழுதினானோ' என்று அவள் சபித்தபோதெல்லாம் கூடச் சேர்ந்து சபித்தவள் ஷர்லி.

செல்போனை எடுத்தாள். பெலிக்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மணி போனது. நாலாவது மணியில் எடுத்தான்.

"பெலிக்ஸ், எங்கக்கா ஒங்க வீட்டுக்கு வாரா. தனியா வண்டி ஓட்டிக்கிட்டு…"

"ஷர்லியா?"

"ஆமா. அவ…"

மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. அவன் திடுக்கிடவில்லை. ஏன், எதற்கு என்றும் கேட்கவில்லை.

"வரட்டும் ஷீபா. இத்தனை வருஷமா ஒங்கக்காவுக்குக் குடுத்த வாக்குக்காகத்தான் நான் வாயைத் தொறக்காம இருந்தேன்."

அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை அம்மாவின் பெட்டியில் கிடைத்தது என்று அவன் சொன்னது பொய்யா? கண்ணில் நீரோடு அந்தக் கடிதத்தை அவள் கையில் வைத்தது?

"பெலிக்ஸ்," என்றாள். தன் குரல் இவ்வளவு சில்லென்று வரும் என்று அவளுக்கே தெரியாது. "அக்கா வந்து சேர ரெண்டரை மணி நேரம் ஆகும். எனக்குக் கொஞ்சம் முன்னாடியே வரத் தெரியும். வாசக் கதவைத் தொறந்து வைங்க."

இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தன் காரை நோக்கி நடந்தாள்.